பட்டனை இரண்டு தடவை தட்டியது யார் குற்றம்?



இந்த முறை கணினிப் பாடம். கைப்பேசிச் செயலி பற்றியது அல்ல. மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் தனி சன்னலில் ஓடும் சின்னச் சின்ன நிரல்களைப் பற்றியது. "இந்தக் காலத்துல அதெல்லாம் யாருண்ணே எழுதுறா?" என்று கேட்காதீர்கள். சந்தா வாங்கும் மேசையில், டியூஷன் வகுப்பு வருகைப் பதிவில், மளிகைக் கடைக் கல்லாவில் இன்னும் அதுதான் ஓடுகிறது. இணையம் இல்லாத மண்டபத்திலும் ஓடும். படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை வார விடுமுறையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அதனால்தான் பிழைகளும் அதில் நிறைய வரும்.

பைத்தான் மொழி ஓரளவு தெரிந்தால் இந்தப் பாடம் புரியும். சன்னல் அமைக்க அதனோடு வரும் டிகேஇன்டர், பதிவுகளை வைத்துக்கொள்ள எஸ்கியூலைட், இவற்றையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு மொழியில் எழுதினாலும் சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான். பெயர்தான் மாறும்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

240 வெள்ளி

அப்போது எனக்கு 22 வயது. டிப்ளோமா முடிக்கிற நேரம். எங்கள் கிளையின் பொருளாளர், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எல்லாரும் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். டியூஷன் வகுப்புக்கு உறுப்பினர்கள் மாதாமாதம் தரும் 10 வெள்ளி, 20 வெள்ளியை வாங்கி, நீலக் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். "ஐயா, இனிமே இதெல்லாம் வேணாம். நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று நான்தான் முன்வந்தேன்.

பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தொகையை அடிக்க வேண்டும், 'பதிவு செய்' என்ற பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். கணக்கு ஏறிவிடும், ரசீது அச்சாகி வந்துவிடும். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய செயலவைக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தோம். கணினி சொன்ன மொத்த வசூல் 2,860 வெள்ளி. வங்கியில் போட்டதும் பெட்டியில் இருந்ததும் சேர்த்து 2,620 வெள்ளி. 240 வெள்ளி குறைந்தது.

ஒருவர், "ஐயாவுக்கு வயசாயிடுச்சு, எங்கயாச்சும் வச்சிட்டு மறந்திருப்பாரு" என்றார். இன்னொருவர் அந்த அளவுக்கு நாகரிகமாகச் சொல்லவில்லை. ஐயா யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. "பணம் எங்கிட்டதான இருந்துச்சு. நானே கட்டிடுறேன்" என்றார். அந்த அறையில் நானும்தான் இருந்தேன். கணினி தப்பாகக் கூட்டாது என்று நானும் நம்பினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் ஐயா வீட்டுக்குப் போனேன். புரோகிராம் வந்த பிறகும் அவர் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. பழக்கம். வாங்கின பணம் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதி வைத்திருந்தார். கணினிப் பட்டியலை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டேன். நோட்டில் இருந்த எல்லா வரியும் கணினியில் இருந்தது. ஆனால் கணினியில் 14 வரிகள் கூடுதலாக இருந்தன. நாலு பத்து வெள்ளி, பத்து இருபது வெள்ளி. கூட்டிப் பார்த்தால் சரியாக 240.

அந்த 14 வரிகளுக்கும் ஒரே முகம். அதே பெயர், அதே தொகை, அதே தேதி, அதே நிமிடம். ரசீது எண் மட்டும் அடுத்த எண்.

"ஐயா, ஒரே ஆளுக்கு ரெண்டு ரசீது வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்தார். "ஆமா தம்பி, சில நேரம் பிரிண்டர் ரெண்டு தடவை அடிச்சிடும். தாளை வீணாக்கக் கூடாதுன்னு பின்பக்கம் எழுத வச்சிருக்கேன்." பின்பக்கத்தில் கடைச் சாமான் கணக்கு. முன்பக்கத்தில் என் நிரலின் பிழை.

நிரலைத் திறப்பதற்கு முன், "ஐயா, நீங்க எப்பவும் பதியுற மாதிரி ஒண்ணு பதிஞ்சு காட்டுங்க" என்றேன். நிதானமாக அடித்தார். பட்டனைத் தட்டினார். பழைய பிரிண்டர் தூக்கம் கலைந்து எழுந்திருக்க மூன்று நாலு விநாடி ஆனது. அதுவரை சன்னல் அப்படியே உறைந்து நின்றது. ஐயா திரும்பவும் தட்டினார். "தட்டுனது பட்டுச்சான்னு தெரியல தம்பி, அதான்."

என் வீட்டில் புதுப் பிரிண்டர். ஒரு நாளும் அது அப்படி நின்றதில்லை.

சிக்கல் 1: சன்னல் உறைந்து போகிறது

முதலில் ஏன் உறைகிறது என்று பார்ப்போம். ஒரே ஆள் நடத்தும் ஒட்டுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவரும் அவரே, ரொட்டி சானாய் போடுபவரும் அவரே. அவர் கல்லுக்கு முன்னால் திரும்பி நிற்கும்போது நீங்கள் "அண்ணே, ரெண்டு ரொட்டி" என்கிறீர்கள். பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொல்கிறீர்கள். அவர் திரும்பி நாலு ரொட்டி வைக்கிறார். இரண்டு தடவையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. பதில் சொல்லத்தான் கை ஒழியவில்லை.

சன்னல் நிரலும் அப்படித்தான். தட்டல், விசை அழுத்தம், சன்னலைத் திரும்ப வரைவது எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். ஒரே இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். பட்டனுக்குரிய வேலை நாலு விநாடி எடுத்தால், அந்த நாலு விநாடியும் மற்ற எதுவும் நடக்காது. ஆனால் அந்த நேரத்தில் விழுந்த தட்டல் காணாமல் போவதில்லை. வரிசையில் காத்திருக்கும். 5 விநாடிக்கு மேல் நிரல் வரிசையைக் கவனிக்காவிட்டால், 'பதில் இல்லை' என்று விண்டோஸே சன்னலின் தலைப்பில் எழுதிவிடும். என் நிரல் அந்த எல்லைக்குள்ளேயே விழித்துக்கொண்டதால் அந்த எச்சரிக்கைகூட வரவில்லை.

நான் முதலில் செய்த திருத்தத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். வேலை தொடங்கும்போது பட்டனை முடக்கினேன். வேலை முடிந்ததும் அதே செயற்கூற்றின் கடைசி வரியில் மறுபடி இயங்க வைத்தேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரட்டைப் பதிவு திரும்பவும் வந்தது! ஏன்? காத்திருந்த இரண்டாவது தட்டல், செயற்கூறு முடிந்த பிறகுதான் பட்டனிடம் வந்து சேர்கிறது. அதற்குள் பட்டன் மறுபடி உயிர்பெற்றுவிட்டது. கடைக்காரர் 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று பலகை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே பலகையைக் கழற்றிவிட்ட கதைதான்.

சரியான தீர்வு மூன்று படிகள் கொண்டது.

ஒன்று: நேரம் எடுக்கும் வேலையை வேறு இழையில் செய்யுங்கள். பட்டனை முடக்கி, 'பதிவாகிறது, சற்றுப் பொறுங்கள்' என்று சன்னலில் எழுதி, பின்னணி இழையிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுச் செயற்கூறு உடனே முடிந்துவிட வேண்டும். அப்போது சன்னல் விழித்திருக்கும். இரண்டாவது தட்டல் முடங்கிய பட்டனில் விழுந்து வீணாகும். பின்னணி வேலை முடிந்த செய்தி வந்த பிறகே பட்டன் உயிர்பெற வேண்டும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பின்னணி இழையிலிருந்து சன்னலின் பாகங்களை நேரடியாகத் தொடாதீர்கள். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் காரணமே சொல்லாமல் விழும். பின்னணி இழை தன் முடிவை ஒரு வரிசையில் போடட்டும். டிகேஇன்டரின் 'ஆஃப்டர்' கட்டளையால் 100 மில்லி விநாடிக்கு ஒரு தடவை சன்னல் இழை அந்த வரிசையை எட்டிப் பார்க்கட்டும். இன்னொன்று, பைத்தானில் ஓர் இழையில் திறந்த எஸ்கியூலைட் இணைப்பை வேறு இழையில் பயன்படுத்தினால் பிழை வரும். அதனால் தரவுத்தள இணைப்பைப் பின்னணி இழைக்குள்ளேயே திறங்கள்.

இரண்டு: பயனருக்கு உடனே பதில் சொல்லுங்கள். ஐயா ஏன் திரும்பத் தட்டினார்? நிரல் ஊமையாக நின்றது, அதனால்தான். 'சற்றுப் பொறுங்கள்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் அவர் பொறுத்திருப்பார்.

மூன்று: தரவுத்தளமே மறுக்கட்டும். ரசீது எண் பத்தியில் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நான் முன்பே போட்டிருந்தேன். ஆனாலும் பயனில்லை. நிரல் ஒவ்வொரு தட்டலுக்கும் புது எண் கொடுத்துக்கொண்டிருந்ததே! எண்ணைத் தட்டும்போது கொடுக்காமல், வெற்றுப் படிவம் திறக்கும்போதே கொடுங்கள். அப்போது ஒரு படிவத்துக்கு ஒரே எண். எத்தனை தடவை தட்டினாலும் இரண்டாவது பதிவைத் தரவுத்தளம் ஏற்காது. முதல் இரண்டு வேலிகளும் சாய்ந்தாலும் மூன்றாவது நிற்கும்.

சிக்கல் 2: பிழை வந்தும் சத்தமே இல்லை

ஐயா குற்றமற்றவர் என்று காட்ட இன்னொரு சான்றும் தேடினேன். ஒவ்வொரு ரசீதின் நகலையும் உறுப்பினர் பெயரும் எண்ணும் போட்டு ஒரு கோப்பாகச் சேமிக்கும்படி நிரலை எழுதியிருந்தேன். கோப்புறையைத் திறந்தால் பாதி நகல்கள் இல்லை. யாருடையவை இருக்கின்றன, யாருடையவை இல்லை என்று பிரித்துப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடி 'ஏ/எல்', 'ஏ/பி' என்று முழுப்பெயர் பதிந்திருந்த எல்லாருக்கும் நகல் இல்லை!

காரணம் அந்தச் சாய்கோடு. கோப்பின் பாதையில் சாய்கோடு வந்தால், அதற்கு முன்னால் உள்ளது ஒரு கோப்புறையின் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கோப்புறை இல்லை. எனவே சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் வரக்கூடாத குறிகள் இருக்கின்றன. சாய்கோடுகள் இரண்டும், முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறிது பெரிது குறிகள், நிலைக்கோடு ஆகியவை. மனிதர் பெயரைக் கோப்புக்கு வைக்காதீர்கள். ரசீது எண்ணை மட்டும் வையுங்கள். பெயர் தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

நம்மவர் பாதிப் பேருக்கு இருக்கும் 'ஏ/எல்'லை, நம்மவனான நானே மறந்து நிரல் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தவறு வேறு. இத்தனை மாதமும் அந்தப் பிழை ஏன் எனக்குத் தெரியவில்லை? சோதனையின்போது ஏதோ பிழைச் செய்தி வந்து தொந்தரவு செய்தது. 'பிழை வந்தால் ஒன்றும் செய்யாதே, மேலே போ' என்று ஒரு வரி எழுதி வாயை அடைத்துவிட்டேன். வீட்டில் புகை வந்தால் அலறும் மணியின் மின்கலத்தைக் கழற்றி வைத்தது மாதிரி.

எதிர்பார்த்த பிழையை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். மற்றதைப் பதிவுக் கோப்பில் நேரத்தோடு எழுதுங்கள். பைத்தானில் அதற்கென்றே 'லாகிங்' என்ற தொகுதி இருக்கிறது. டிகேஇன்டரில் ஒரு பட்டனின் வேலையில் பிழை வந்தால், செய்தி கறுப்புத் திரைக்குத்தான் போகும். கறுப்புத் திரை இல்லாமல் தொகுத்துக் கொடுத்த நிரலில் அந்தச் செய்தியை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் எல்லாப் பிழைகளையும் ஓரிடத்தில் பிடித்து, பதிவுக் கோப்பில் எழுதி, பயனருக்குத் தமிழில் ஒரு வரி சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். 'நகல் சேமிக்க முடியவில்லை. பணம் பதிவாகிவிட்டது. மீண்டும் தட்ட வேண்டாம்.' இப்படி, எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

சிக்கல் 3: எண் மாதிரி இருப்பதெல்லாம் எண் அல்ல

2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண் 0 என்ற இலக்கத்தில் தொடங்கும், ஏனென்றால் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அதை எண் வகையாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். 12 இலக்கம் 11 ஆகும். 2000இல் பிறந்தவருக்கு இரண்டு பூச்சியம் போய் 10 ஆகும், செப்டம்பருக்குள் பிறந்திருந்தால் மூன்று பூச்சியம் போய் 9 ஆகும். கைப்பேசி எண்ணுக்கும் இதே கதிதான். விரிதாளில் திறந்து சேமித்தாலும் இதே ஆபத்து உண்டு.

விதி எளிது: கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் அல்ல, எழுத்துச் சரம். இரண்டு பேருடைய அடையாள அட்டை எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை அல்லவா?

பணம் இதற்கு நேர்மாறு. அதைக் கூட்டத்தான் போகிறோம். ஆனால் தசம எண்ணாக வைக்காதீர்கள். பைத்தானில் 0.1 என்பதைப் பத்து தடவை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். கணினி இரண்டின் அடிப்படையில் எண்ணுவதால் 0.1ஐ முழுமையாக எழுதி முடிக்க முடிவதில்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதி முடிக்க முடியாதது போலத்தான். எனவே பணத்தைச் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். 12 வெள்ளி 50 சென் என்றால் 1250. திரையில் காட்டும்போது மட்டும் வெள்ளியாக மாற்றுங்கள்.

மலேசியாவில் 1.4.2008 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு ஒழுங்கு செய்கிறோம். கடைக்கு நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க: ஒவ்வொரு பொருளுக்கும் ஒழுங்கு செய்யக் கூடாது. மொத்தத்துக்கு ஒரே தடவைதான்.

சிக்கல் 4: தமிழில் தேடினால் கிடைப்பதில்லை

'கோமளா' என்ற பெயர் பட்டியலில் கண் முன்னால் இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. என்ன மாயம்?

யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சரங்கள். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள், எங்கிருந்து நகலெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். 'கொ', 'கௌ' வகை எழுத்துகளுக்கும் இப்படியே. பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுதியில் இதற்குச் சீராக்கும் வசதி இருக்கிறது. 'என்எஃப்சி' என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பதியும்போது ஒரு தடவை, தேடும்போது ஒரு தடவை. ஆனால் 'கௌரி' என்பதில் ஒளகாரக் குறிக்குப் பதிலாக யாராவது ளகர எழுத்தையே அடித்திருந்தால் இது காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை. மனிதர்தான் திருத்த வேண்டும்.

அகர வரிசையிலும் ஒரு சிக்கல். யூனிகோடு அட்டவணையில் நகரத்துக்கு அடுத்து னகரமும், ரகரத்துக்கு அடுத்து றகரமும், ளகரத்துக்கு அடுத்து ழகரமும் நிற்கின்றன. வகரம் அதற்கும் பின்னால். நம் பள்ளியில் படித்த வரிசையோ 'ய ர ல வ ழ ள ற ன'. எனவே நிரல்மொழியின் இயல்பான வரிசைப்படுத்தலை நம்பினால் பெயர்ப்பட்டியல் கலைந்து வரும். தமிழ் வரிசைக்கு உங்கள் சொந்த அட்டவணை ஒன்று தேவை.

நீளமும் அப்படித்தான். 'பொருளாளர்' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. பைத்தான் 9 என்று சொல்லும், ஏனென்றால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ரசீதில் இடம் போதவில்லை என்று சரத்தை நடுவில் வெட்டினால் புள்ளி போய் 'பொருளாளர' என்று நிற்கும்.

கோப்பைத் திறக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று நீங்களே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் கேள்விக்குறிகளாகவோ குப்பையாகவோ மாறும்.

சிக்கல் 5: "என் கணினியில ஓடுதே!"

ஒரு நாள் செயலாளர் பதறிப்போய் அழைத்தார். "தம்பி, எல்லாப் பேரும் காணோம்! வெறும் சன்னல்தான் இருக்கு." யாரும் எதையும் அழிக்கவில்லை. அவர் நிரலுக்கு மேசைத்திரையில் புதிதாக ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். நான் தரவுத்தளக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன், முழுப் பாதையைக் கொடுக்கவில்லை. நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறதோ அங்கே அது கோப்பைத் தேடும். புதுக் குறுக்குவழி வேறு கோப்புறையிலிருந்து தொடங்கியது. அங்கே கோப்பு இல்லை. எஸ்கியூலைட்டின் குணம் என்னவென்றால், கோப்பு இல்லாவிட்டால் பிழை சொல்லாது, புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். என் நிரல் அதில் வெறும் அட்டவணைகளை மளமளவென்று அமைத்துவிட்டது. பழைய பதிவுகள் பழைய இடத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

பாதையை முழுமையாகக் கொடுங்கள். நிரல் நிறுவப்பட்ட 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையிலும் பதிவுகளை வைக்காதீர்கள். அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் ஒதுக்கியுள்ள 'ஆப்டேட்டா' கோப்புறையே அதற்குரிய இடம். தரவுத்தளத்தைக் காணவில்லை என்றால் சத்தமில்லாமல் புதிது தொடங்காமல், 'பழைய பதிவுகள் கிடைக்கவில்லை. புதிதாகத் தொடங்கவா?' என்று கேளுங்கள்.

நீங்கள் எழுதும் கணினியில் எல்லா அனுமதியும் உங்களுக்கு உண்டு. எல்லாக் கோப்பும் இருக்கிறது. எனவே அங்கே ஓடுவது எதையும் நிரூபிக்காது. வேறொருவர் கணினியில், வேறொருவர் கையால் ஓட்டிப் பார்த்த பிறகே 'முடிந்தது' என்று சொல்லுங்கள்.

எந்தச் சிக்கலுக்கும் பொதுவான நாலு படி

1. பழி சொல்வதற்கு முன் பாருங்கள். பிழை சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறக்காமல் பாருங்கள்.

2. பிழையை உங்கள் கண் முன்னால் திரும்ப வரவழையுங்கள். வரவழைக்க முடியாத பிழையைத் திருத்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. பிரிண்டர் தாமதத்தை நான் வீட்டில் எப்படி வரவழைத்தேன் தெரியுமா? அச்சிடும் வரிக்குப் பதிலாக 'நாலு விநாடி தூங்கு' என்று எழுதினேன். அவ்வளவுதான்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை மாற்றிப் பிழை போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வரும்போதும் தெரியாது.

4. திருத்திய பிறகு முதல் படிக்குத் திரும்புங்கள். அதே மனிதர், அதே கணினி, அதே வேலை.

செய்து பாருங்கள்

பெயர், தொகை, ஒரு பட்டன் மட்டும் உள்ள சன்னல் ஒன்றை எழுதுங்கள். பட்டனின் வேலையில் நாலு விநாடித் தூக்கம் வையுங்கள். வேகமாக மூன்று தடவை தட்டுங்கள். எத்தனை பதிவு ஏறியது என்று எண்ணுங்கள். பிறகு நான் செய்த தவறான திருத்தத்தைச் செய்து மறுபடி எண்ணுங்கள். கடைசியாக மூன்று படித் தீர்வைச் செய்து எண்ணுங்கள். அது முடிந்ததும் 'ஏ/எல்' உள்ள ஒரு பெயரையும், பூச்சியத்தில் தொடங்கும் ஓர் அடையாள அட்டை எண்ணையும் பதிந்து பாருங்கள். பிறகு வீட்டில் கணினி அதிகம் தொடாத ஒருவரிடம் கொடுங்கள். பத்து நிமிடத்தில் அவர் உங்களுக்கு ஒரு புதுப் பாடம் நடத்துவார்.

கடைசியாக ஐயா கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த செயலவைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த 14 வரிகளையும் வாசித்தேன். நோட்டுப் புத்தகத்தையும் பின்பக்கம் எழுதிய ரசீதுகளையும் மேசையில் வைத்தேன். "பணம் குறையவே இல்லை. என் புரோகிராம்தான் வராத பணத்தை வந்ததாகக் காட்டியது" என்றேன். அன்று நாகரிகமில்லாமல் பேசியவர் ஐயாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா கட்டியிருந்த 240 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.

பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். "தம்பி, நாங்க தோட்டத்து ஆபீசுல சாயங்காலம் கணக்கு நேராகாம எழுந்திரிக்க மாட்டோம். உன் புரோகிராம்ல அது இல்லையே?"

அடுத்த வாரமே 'இன்றைய வசூல்' என்ற பட்டனைச் சேர்த்தேன். நாள் முடிவில் கையில் உள்ள பணத்தை எண்ணி அடித்தால், பதிவோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும். அது முதல் நாளே இருந்திருந்தால் இரட்டைப் பதிவு அன்று மாலையே பிடிபட்டிருக்கும். ஒரு பெரியவர் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

நீலக் கோட்டு நோட்டை அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.